எடிட்டருக்கு வெளியே எழுநூறு பெயர்கள்

அவையை அழகுற நடத்தும் தலைவர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் முதியோர்களே! பிள்ளை என்ன வேலை பார்க்கிறான் என்று இன்றுவரை புரியாமலே பெருமைப்பட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே! விசைப்பலகையோடு வாழும் தோழர்களே, தோழியரே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

இந்த விழாவின் நாயகி எங்கள் அலுவலகத்தின் மூத்த நிரலாளர். எதைக் கொடுத்தாலும் "இன்னொரு தரம் பாத்துடலாம்" என்பார். ஆகவே எங்களுக்கு அவர் 'இன்னொருதரம் அக்கா'. முறைக்காதீர்கள் அக்கா, மைக் இப்போது என் கையில் இருக்கிறது!

நான் மென்பொருளைச் சோதிப்பவன். குறை சொல்வதே என் பிழைப்பு. அப்படிப்பட்டவன் வாயிலிருந்து புகழ்ச்சி வருகிறதென்றால், காரணம் வேண்டாமா?

ஒரு மருத்துவமனை. பன்னிரண்டு டயாலிசிஸ் இயந்திரங்கள். யாருக்கு, எந்த நேரம், எந்த இயந்திரம் என்று வகுத்துக் கொடுப்பது எங்கள் மென்பொருள். ஏழாவது இயந்திரத்தில் வாரம் மூன்று நாள் படுப்பவள் என் உடன்பிறந்த தங்கை. புதிய சர்வருக்கு மாறுவதற்காக, நிரலுக்குள் இயந்திரம், நேரம் என ஒவ்வொன்றையும் குறிக்கும் எழுநூறு பழைய பெயர்களும் திங்கட்கிழமைக்குள் மாற வேண்டும். ஒன்று பிசகினாலும் ஒருவருடைய முறை தவறும்.

பெயர் மாற்றும் வசதி, நாங்கள் நிரல் எழுதப் பயன்படுத்தும் எடிட்டர் என்ற மென்பொருளிலேயே இருக்கிறது. ஒரு பெயரை மாற்றினால், அது வரும் இடங்களையெல்லாம் தேடித் திருத்தும். ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கிளிக், ஒரு காத்திருப்பு! எங்கள் நிரலின் பருமனுக்கு எடிட்டருக்கே மூச்சு வாங்கியது. மூன்று நாளில் முடிந்தவை முப்பது.

அப்போதுதான் அக்கா கேட்டார்: "அந்த வேலையைச் செய்யறது எடிட்டர் இல்லப்பா, அதுக்குள்ள இருக்கிற லைப்ரரி. அதை நாமளே நேரா கூப்பிட்டா என்ன?"

லைப்ரரி என்றால் நூலகம் அல்ல தாய்மார்களே, எடிட்டருக்குள் இருந்து வேலை செய்யும் ஆயத்த நிரல் தொகுப்பு. என்ன கேள்வி! என்ன துணிச்சல்! எடிட்டரை மூடினார், எண்பது வரியில் ஒரு நிரல் எழுதினார், உள்ளே ஒளிந்திருந்த லைப்ரரியை வெளியே அழைத்தார், மிச்சப் பெயர்கள் அத்தனையையும் அதன் முன் வைத்தார். அரை மணி நேரத்தில் திரையில் 'முடிந்தது' என்று வந்தது. கைதட்டினோம். நான் ஃபைல்களைத் திறந்து பார்த்தேன். ஓர் எழுத்துகூட மாறவில்லை!

சிரியுங்கள் ஐயா, சிரியுங்கள். எங்களுக்கு அன்று அழுகைதான் வந்தது. நடந்தது என்ன? அந்த லைப்ரரி மாற்றங்களைக் கண்டுபிடித்துக் கையில் வைத்துக்கொள்ளும்; 'எழுது' என்று தனியே சொன்னால்தான் ஃபைலில் எழுதும். இதுவரை எடிட்டர் நமக்காக அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. வெளியே வந்த பிறகு யார் சொல்வது? நாம்தான் சொல்ல வேண்டும்.

"ஒரு வரிதானே அக்கா, சேத்து ஓட்டிடுங்க" என்றேன். அவசரம் எனக்கு.

"எழுதறதுக்கு முன்னாடி நிக்குதுல்ல? நல்லதாப் போச்சு. என்ன எழுதப் போகுதுன்னு பிரிண்ட் எடுத்துப் படிப்போம்" என்றார் அக்கா.

படித்தோம். பக்கம் பக்கமாகப் படித்தோம். பன்னிரண்டு இயந்திரங்களில் பதினொன்று பட்டியலில் இருந்தன, ஏழாவது இல்லை! அதைப் பழுதுபார்த்து மறுபடி சேர்த்தபோது எவரோ அவசரத்தில் அந்தப் பெயரை மேற்கோள் குறிக்குள் வெறும் எழுத்தாக எழுதிவைத்திருக்கிறார்கள். அது பெயர் என்று லைப்ரரிக்குத் தெரிய வழியில்லை. அக்கா தம் கையால் அந்த வரியைத் திருத்தினார். அதன் பிறகே 'எழுது' என்றார்.

திங்கட்கிழமை தங்கைக்குப் போன் செய்தேன். "எல்லாம் சரியா நடந்துச்சாம்மா?"

"எது? எப்பவும் போலத்தான் படுத்திருக்கேன். இதுக்கா போன் பண்ணே? போய் வேலையைப் பாருண்ணா!"

அவையோரே! எழுநூறு பெயர்கள் மாறியிருக்கின்றன. படுத்திருப்பவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை! இதைவிட ஒரு நிரலாளருக்கு வேறென்ன பாராட்டு வேண்டும்? அக்கா, அவள் உங்களைப் பார்த்ததில்லை. நீங்கள் யாரென்றே அவளுக்குத் தெரியாது. தெரிந்த நான், அவளுக்கும் சேர்த்து உங்களைக் கும்பிடுகிறேன்.

செவிகொடுத்த உங்களுக்கு நன்றி. செய்துமுடித்த அவருக்கு வணக்கம்!