சிவசங்கரியின் பாஸ்வேர்ட்

புத்தூரில் என் பிரவுசிங் சென்டரில் ஏசி கிடையாது, சார். ஆனாலும் கூட்டம் குறையாது. குவைத்துக்கும் பெங்களூருக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்ட கார்வேட்டிநகரத்து ஜனங்கள். அவர்களுக்காக நானே ஒரு வெப்சைட் எழுதினேன். போட்டோ போடலாம், சேதி அனுப்பலாம்.

பாஸ்வேர்டை அப்படியே சேர்த்து வைக்கக் கூடாது, ஹேஷ் செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அரிசியை மாவாக்குகிற மாதிரி. மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. ஆள் மறுபடி வந்தால், அவர் தருவதையும் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்த்தால் போதும். ஆனால் எங்கள் ஜனங்கள் மறந்துவிடுவார்கள். கமலம்மா வரும்போதெல்லாம், “கிரணு, இன்னா வெச்சேன்னு நீயே சொல்லுப்பா” என்பாள். மாவைப் பார்த்து நான் என்ன சொல்ல? அரிசியாகவே வைத்துவிட்டேன். உபகாரம்தான்.

என் தங்கை சிவசங்கரியும் அதில் சேர்ந்திருந்தாள். அதே பாஸ்வேர்டையே மெயிலுக்கும் வைத்திருந்தாள். குவைத்தில் டிரைவராக இருந்த சிரஞ்சீவி, தையில் வந்து கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று அவளுக்கு எழுதினான். அவன் எங்கள் சாதி ஆளில்லை. அவள் பார்ப்பதற்குள் அழித்தேன். பிறகு வந்தவற்றையும் அழித்தேன். கடைசியில் அவள் பேரில் ஒரு பதில் போட்டேன்: எனக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது, இனி என் பேரில் எது வந்தாலும் வீட்டார் எழுதுவது, நம்பாதே. அவன் நிறுத்திக்கொண்டான். மரியாதை தெரிந்தவன்.

அவள் தினமும் வேலை முடிந்து வருவாள். “அண்ணா, நெட்டு நல்லா கீதா?”

“நல்லாத்தான் கீது.” அதில் பொய்யில்லை.

ஒருநாள், “அவுரு என்னிய மறந்துட்டாரு போலகீது” என்றாள். முகம் வாடிப்போயிருந்தது. வீட்டுக்குப் போய் முதலில் எதையாவது துன்னு என்று அனுப்பினேன். ஆடியில் அவளைக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் எல்லாருடைய பாஸ்வேர்டையும் ஹேஷ் செய்தேன். நைனா வந்து, “அவ மெயில்ல இன்னாதான் இருந்துச்சின்னு பாக்கலாமாடா?” என்று கேட்டார். அவள் பாஸ்வேர்டை இனி யாராலும் எடுக்க முடியாது நைனா என்றேன். பெற்ற மனசு, சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், சார். நிஜமாகவே அழுதேன்.

அந்தப் பாஸ்வேர்ட் தெரியுமா என்றுதானே கேட்டீர்கள். தெரியும். ‘கிரணண்ணா’. என் பேரையே வைத்திருந்தாள். இப்படி ஆளை நம்புகிற பெண்ணை வெளியாள் எவனாவது ஏமாற்றிவிடுவான் அல்லவா? அதனால்தான் நான் பார்த்துக்கொண்டேன்.