இன்னும் ஏழு கிலோ

— கம்பிய விடு மாமா. அதைப் புடிச்சிக்கினு நின்னா எடை மெஷின் எப்படி சரியா காட்டும்?

— விட்டுட்டேன்டி அம்சா. இந்தா பாரு, ரெண்டு கையும் மேல. இப்ப படி.

— தொண்ணூத்தஞ்சி.

— புள்ளிக்கு அப்புறம்?

— மூணு. போன வாரமும் இதே தான், அதுக்கு முந்தின வாரமும் இதே தான். எறங்கு, உப்பு மூட்டை எடை போட ஆளுங்க வந்துடுவாங்க.

— மெஷின்ல தான் கோளாறு. உப்பு பட்டு பட்டு உள்ள துரு புடிச்சிருக்கும்.

— மூட்டைக்கெல்லாம் அம்பது கிலோன்னு கரெக்ட்டா காட்டுது. உனக்கு மட்டும் துரு புடிச்சிடுச்சா?

— நூத்தி முப்பத்தொண்ணு இருந்த ஆளுடி நான்! இதே பலகை மேல ஏறினப்ப, ஒடைஞ்சிடப் போகுதுன்னு வாட்ச்மேன் சடையப்பன் அலறினான். எடை குறைக்கற ஆபரேஷன் முடிஞ்சி மொத மாசம் பதினொண்ணு, அடுத்த மாசம் எட்டு. நான் பாட்டுக்கு லாரி ஓட்டிக்கினு இருந்தேன், அது பாட்டுக்கு எறங்கிச்சி. ஒரு கையில பேண்ட்டைப் புடிச்சிக்கினு தான் லாரியை விட்டு எறங்குவேன்.

— தெரியும் தெரியும். நாலு தடவை புடிச்சி தெச்சவளே நான் தான்.

— அப்படி எறங்கினது பத்து வாரமா ஏன் அசைய மாட்டேங்குது? இன்னும் ஏழே கிலோ. எண்பத்தெட்டுக்கு வந்தா தான் என் கிட்னிய எடுத்து உனக்கு வெப்போம்னு டாக்டரு கண்டிசனா சொல்லிட்டாரு.

— காலங்காத்தால அந்தப் பேச்சு எதுக்கு? எனக்குத் தான் டயாலிசிஸ் ஓடிக்கினு இருக்குதே.

— ஓடுதாம்! வாரத்துல ரெண்டு நாள் பாண்டிச்சேரி பஸ்ஸு, நாலு மணி நேரம் கையில ஊசி, வர்ற வழியெல்லாம் வாந்தி. அதுக்குப் பேரு ஓடறதா?

— ரெண்டு வருசமா பழகிடுச்சி.

— ஏப்ரல் வெயில்ல தாகத்துக்கு ஒரே ஒரு ஐஸ் கட்டிய வாயில அதக்கிக்கினு உக்காந்திருக்கியே, அதுவும் பழகிடுச்சா?

— வேற ஏதாவது பேசு மாமா.

— வேற பேசறேன். நேத்து ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன். இன்னொரு ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு இருக்கேன்.

— இன்னொண்ணா?

— ஆமா. போன தடவை வயித்துல முக்கால்வாசியை வெட்டி எடுத்துட்டாங்க இல்ல? இந்தத் தடவை குடலையும் மாத்தி வெச்சி தெச்சிட்டா, மறுபடி கடகடன்னு எறங்கிடுமாம்.

— யோவ், உனக்கு இன்னா பைத்தியமா? திரும்பவும் வயித்தைக் கிழிச்சிக்கப் போறியா?

— எடை நின்னு போச்சே, வேற இன்னா வழி?

— வேணாம். சொல்றேன் இல்ல, வேணாம். எடை நின்னதுக்கு உன் வயிறு காரணமில்ல.

— பின்ன?

— நான் தான்.

— நீயா? நீ இன்னா பண்ண?

— தெனமும் ஃபிளாஸ்க்ல சத்துமாவுக் கஞ்சி குடுத்து விடறேனே, அதுல வெல்லம் போடறேன். ஒரு கை நெறைய கடலை மாவு, ரெண்டு ஸ்பூன் நெய்யி. சோறா குடுத்தா உன் வயித்துல எடம் இருக்காது, தண்ணியா குடுத்தா சத்தமில்லாம எறங்கிடும், அதனால உஷாரா இருங்கன்னு டயட் மேடம் சொன்னாங்க பாரு. நான் அதையே புடிச்சிக்கினேன்.

— எதுக்குடி?

— எதுக்கா? நம்ம சந்தியா இப்ப தான் பத்தாவது. அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் ஒத்தக் கிட்னியோட கெடந்தா அவ கதி இன்னா? நீ கண்ணு முழிச்சி லாரி ஓட்டறவன். உனக்கு ஒண்ணு ஆச்சின்னா நான் எங்க போய் முட்டிக்குவேன்? நான் எப்படியும் பாதி ஆளு, நீயாவது முழுசா இரு. வாயால சொன்னா கேக்க மாட்ட, அதான் எடைய நிறுத்திட்டேன். திட்டணும்னா திட்டிக்கோ. யோவ், நான் அழுதுக்கினு சொல்றேன், நீ சிரிக்கிற?

— அந்தக் கஞ்சிய நான் குடிக்கவேயில்லடி.

— இன்னாது?

— மொத நாள் ரெண்டு வாய் குடிச்சேன். கொஞ்ச நேரத்துல நெஞ்சி படபடன்னு அடிச்சி, வேர்த்துக் கொட்டி, கூனிமேடு கிட்ட வண்டிய ஓரங்கட்டிட்டேன். ஆபரேஷன் பண்ண வயிறு தித்திப்பு தாங்காதுன்னு முன்னாடியே சொல்லித் தான் அனுப்பினாங்க. அன்னைலருந்து சடையப்பன் ஆட்டுக்குத் தான் ஊத்தறேன். அது இப்ப கன்னுக்குட்டி சைசு ஆயிடுச்சி.

— அப்ப உன் எடை என்னால நிக்கலையா?

— அது தானா நிக்கறது. மொத ஆறு மாசம் ஆபரேஷன் குறைக்கும், அதுக்கப்புறம் நீங்க தான் குறைக்கணும்னு மேடம் சொன்னாங்களே. முட்டை, சுண்டல்னு பார்த்து சாப்பிடணும், தெனமும் ஒரு மணி நேரம் வேகமா நடக்கணும். ஏத்தம் வந்தா கியர மாத்தி மிதிக்கறோம் இல்ல, அது மாதிரி தான்.

— எல்லாம் தெரிஞ்சுமா வந்ததும் வராததுமா கட்டில்ல சாஞ்சிக்கற?

— நடந்தேன், ரெண்டு நாள். அப்புறம் கால் வரல.

— ஏன், முட்டி வலியா?

— முட்டி நல்லாத் தான் இருக்குது. கஞ்சி தித்திச்சப்பவே எனக்குப் புரிஞ்சி போச்சி. இவளுக்கு என் கிட்னி வேணாம், அப்புறம் யாருக்கோசரம் நடக்கறோம்னு தோணிடுச்சி. உன்கிட்ட கேக்கவும் பயம். ஆமா, வேணாம்னு நீ வாயத் தொறந்து சொல்லிட்டா நான் இன்னாடி பண்ணுவேன்?

— அடப்பாவி மனுசா! பத்து வாரமா இத மனசுல வெச்சிக்கினா லாரி ஓட்டின?

— நீயும் தான் பத்து வாரமா வெல்லம் தட்டிக்கினு இருந்த.

— அப்ப இன்னொரு ஆபரேஷன்?

— அது சும்மா. அப்படிச் சொன்னா தான் நீ வாயத் தொறப்பன்னு.

— உன்ன இன்னா பண்ணா தகும்! வேணாம்னு நெனைக்கல மாமா. வேணும்னு கேக்கத் தான் பயம். ஒரு சொம்பு தண்ணிய ஒரே மூச்சுல மடக்மடக்னு குடிக்கணும்னு எனக்கும் ஆசையா இருக்குது. சந்தியா காலேஜ் போறதைப் பார்க்கணும்னு இருக்குது. ஆனா உன்ன அறுத்துத் தான் அதெல்லாம் கெடைக்கணுமா?

— ஒத்தக் கிட்னியோட நான் நல்லா இருப்பேன்னு அத்தினி டெஸ்ட்டு எடுத்துட்டுத் தான் சொன்னாங்க. அப்பவும் பயம் இருக்கும், எனக்கும் இருக்குது. ஆனா நீ இல்லாத வூட்டுல ரெண்டு கிட்னிய வெச்சிக்கினு நான் இன்னா பண்ணட்டும், சொல்லு?

— மணி இன்னா?

— ஆறேகால். ஏன், பஸ்ஸுக்கா? இன்னிக்கு தான் உனக்கு டயாலிசிஸ் இல்லையே.

— உனக்கு எத்தினி மணிக்கு லோடு?

— ஏழரைக்கு மேல தான். நீ மூஞ்சத் தொடச்சிக்கோ. வா, இந்த மூட்டை மேல சித்த நேரம் உக்காரலாம்.

— உக்கார்றதா? எந்திரி மாமா. மோட்டார் கொட்டாய் வரைக்கும் உப்புப் பாத்தி வரப்பு மேலயே போய்ட்டு வரலாம். முடிஞ்ச மட்டும் நானும் வர்றேன். என் கிட்னிய சும்மா உக்கார வெச்சிக்கினு இருக்காத, நட!