மூன்றாம் வளைவுப் பிள்ளையார்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று, பல்லுச்செற்றைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சத்தியம் செய்கிறேன். பல்லோடு செய்கிற சத்தியத்தில் பல்லுக்கும் ஒரு பங்கு போய்விடும்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் கேட்கமுதல் நானே சொல்லிவிடுகிறேன்: எனக்குச் சைக்கிள் மீது ஒரு கோபமும் இல்லை. சைக்கிள் நல்ல வாகனம். சத்தம் இல்லை, புகை இல்லை.

என் பெயர் கனகசபாபதி. வயது எழுபத்தாறு. நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருஷம் வரைபடம் கீறினேன். வெள்ளவத்தையில், கடலுக்குப் போகிற ஒழுங்கை ஒன்றில், இரண்டாம் மாடியில் இருக்கிறேன். பின்னேரம் ஐந்தரைக்கு ரயில் பாதையைக் கடந்து கடலோரச் சீமெந்துக் கட்டு ஒன்றில் போய் இருப்பேன். அங்கே ஓய்வுபெற்ற புவியியல் ரீச்சர் சரோஜினிதேவியும், புடவைக்கடையை மருமகனிடம் விட்டுவிட்டு வந்த ஷரீப் நானாவும் இருப்பார்கள். நான் கதை சொல்வேன். பதினாலு வருஷமாக நான்தான் சொன்னேன்.

எழுபத்தொன்பதாம் ஆண்டில் ஊவாப் பக்கம் ஒரு மலையை இரண்டு தரம் அளந்தேன். இரண்டாம் தரம் நாலு அடி குறைந்திருந்தது. மலை களைத்துப்போய்க் குந்திவிட்டது என்று அறிக்கையில் எழுதினேன், மேலதிகாரியும் கையெழுத்துப் போட்டார். இந்த இடத்தில் ரீச்சர் கன்னத்தில் கைவைத்து, "பிறகு?" என்பார். ஓய்வூதியத்துக்கு அடுத்தபடியாக ஒரு மனுஷனுக்கு வேண்டியது அந்த ஒரு சொல்தான்.

அப்போதுதான் மூன்றாம் மாடிக்குக் கஜீவன் குடிவந்தான். முப்பத்துமூன்று வயது, கொம்பியூட்டர் வேலை. சனி, ஞாயிறு என்றால் தடித்த ரயர் போட்ட சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மலைநாட்டுக்குப் போவான். பண்டாரவளைக்கு அங்கால் பைன் காட்டுக்குள்ளே, யாரோ ஒரு விடுதிக்காரர் இந்தச் சைக்கிள்களுக்கென்றே ஒற்றையடிப் பாதை வெட்டியிருந்தார். ஏறுவதற்கு அல்ல, விழாமல் இறங்குவதற்கு. தலைக்கவசத்தில் கமரா பூட்டி, வேர், கல், பள்ளம் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டு வந்து, எங்கள் சீமெந்துக் கட்டில் இருந்து போனில் காட்டினான்.

"ஐயோ தம்பி, பிறகு?" என்றார் ரீச்சர்.

நான் பொறுமையானவன். மூன்று மாதம் பொறுத்தேன். ஒருநாள் களைத்த மலையின் கதையைத் திரும்பத் தொடங்கினேன். ரீச்சர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கனகர், அந்த மலை இன்னும் இருக்குதோ? இருந்தால் தம்பியிட்டைச் சொல்லுங்கோ. ஓடிப் பாத்திட்டு வரட்டும்."

ஷரீப் நானா சிரித்தார். கஜீவன் சிரிக்கவில்லை. "அங்கிள், நீங்கள் சொல்லுங்கோ, நான் கேக்கிறன்" என்றான். சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன். இரக்கப்பட்டான்.

எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு பிள்ளையார் கோயில் இருக்கிறது. காலையில் நான் பல்கனியில் தேத்தண்ணி குடிக்கும்போது கஜீவன் அதைக் கடந்து போவான். மற்றச் சாமிகளை ஒரு கையால் நெஞ்சைத் தொட்டுச் சமாளிக்கலாம். பிள்ளையாருக்கு அது சரிவராது. இரண்டு கையையும் குறுக்கே போட்டு நெற்றிப்பொட்டில் மூன்று தரம் குட்டவேண்டும். கஜீவன் நல்ல வளர்ப்பு. சைக்கிளில் போகும்போதே ஹாண்டிலிலிருந்து இரண்டு கையையும் எடுத்து, கண்ணை மூடி, தலைக்கவசத்தில் டொக், டொக், டொக் என்று குட்டுவான். கைகள் ஹாண்டிலுக்குத் திரும்பி வர இரண்டரை வினாடி. பதினொரு காலை கடிகாரம் பிடித்துச் சராசரி எடுத்தேன். காலி வீதிச் சமதரையில் இது பக்தி. மலை இறக்கத்தில் என்ன என்று யோசித்துப் பார்த்தேன். யோசிப்பது குற்றமில்லை.

பாதையின் வரைபடத்தை அவனே தந்தான். வயசானவருக்கு ஆர்வம் வந்திருக்கிறது என்று மெத்தச் சந்தோஷம். மூன்றாம் வளைவைப் பற்றிக் கேட்டேன். மணிக்கு நாற்பது கிலோமீற்றரில் வரலாம், வளைவுக்கு முன்னம் பிரேக்கைப் பிடிக்காவிட்டால் கதை சரி, கீழே இருநூறு அடி என்றான். கணக்கு லேசானது. இரண்டரை வினாடியில் இருபத்தெட்டு மீற்றர். பிள்ளையார் வளைவுக்கு இருபது மீற்றர் முன்னுக்கு இருந்தால் போதும். மிச்ச எட்டு மீற்றர் காற்றில்.

கொட்டாஞ்சேனையில் சிலை வார்க்கிற ஒருவரிடம் பதினாலு கிலோவில் ஒரு சீமெந்துப் பிள்ளையார் எடுத்தேன். ஆவணிச் சதுர்த்திக்குப் பத்து நாள் முன்னம், கோட்டையில் காலை ரயில் ஏறினேன். சரியான சனம். ஒரு சிங்கள அம்மா என் கையில் இருந்தவரைப் பார்த்துவிட்டு எழும்பி இடம் கொடுத்தார். எனக்கில்லை, அவருக்கு. பிள்ளையார் ஜன்னலோரம் இருந்து நாவலப்பிட்டிவரை இயற்கைக் காட்சி பார்த்தார். நான் நின்றேன். ரிக்கற் பார்க்க வந்தவர் என்னிடம் கேட்டார், அவரிடம் கேட்கவில்லை.

பாதையைத் துப்புரவு செய்கிறவர் காளியப்பன், பக்கத்துத் தோட்டத்துக்காரர். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிலையைப் பார்த்தார், வளைவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இங்க வேணாங்க ஐயா. கொஞ்சம் மேல தள்ளி வைங்க. வேகமா வர்ற எடம்."

"பிள்ளையார் கனவிலை இந்த இடத்தைத்தான் காட்டினவர்" என்றேன்.

"கனவுல காட்டிட்டா நாம என்னங்க செய்ய" என்று சொல்லி அவரே குழி வெட்டினார். சிவப்புத் துணி கட்டி, மஞ்சள், குங்குமம் வைத்தோம். வைத்த சாமியை எடுக்கிற கை இந்தத் தீவில் இன்னும் பிறக்கவில்லை. அது எனக்குத் தெரியும். விடுதிக்காரர் பாய்ந்து வந்தார். குங்குமத்தைக் கண்டதும் பாதையின் அந்தப் பக்கத்தை அகலமாக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு, காட்டுக்குள் அனுமதியில்லாத கட்டுமானம் என்று ஒரு அதிகாரி கடிதத்தோடு வந்தார். நாலடி தள்ளிச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கிட்ட வந்தார். சப்பாத்தைக் கழற்றிய ஆள் எப்படிச் சட்டம் கதைப்பது? வாழைப்பழத்தோடு திரும்பிப் போனார்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு, ஒரு பைன் மரத்துக்குப் பின்னால் பிளாஸ்கோடு இருந்தேன். முதலில் இறங்கியவன் கஜீவனின் சிநேகிதன் இன்ஸாப். சிலையைக் கண்டு மரியாதையாகத் தலையை ஆட்டினான், பிரேக்கைப் பிடித்தான், வளைவில் திரும்பிப் போனான். அவன் மாளிகாவத்தை முஸ்லிம் பொடியன், அவனுக்கு அதில் வேலையில்லை. அடுத்தது கஜீவன். சிவப்புத் துணியைக் கண்டான். முகம் மலர்ந்தது. கைகள் எழும்பின. டொக், டொக். மூன்றாவது டொக் எனக்குக் கேட்கவில்லை. பாதை இடப்பக்கம் போனது, அவன் நேரே போனான்.

தேத்தண்ணி இன்னும் சூடாகத்தான் இருந்தது.

இதில் நான் யாரையும் தள்ளவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளவேண்டும். நான் சாமி வைத்தேன். கையை எடுத்தது அவனுடைய பக்தி. பக்தியில் நான் எப்படித் தலையிடுவது?

அதற்குப் பிறகு நடந்தவற்றுக்கு நான் முழுப்பொறுப்பாளி அல்ல. ஒருவன் விழுந்த வளைவு என்றதும் வெள்ளவத்தையிலிருந்தும் தெகிவளையிலிருந்தும் வாகனம் பிடித்துச் சைக்கிள்காரர் வந்தார்கள். ஆபத்தான வளைவு, பிள்ளையாரே, காப்பாற்று என்று இரண்டு கையையும் எடுத்தார்கள். ஆவணியில் இரண்டு பேர், புரட்டாசியில் நாலு பேர். ஆள் விழவிழ வளைவின் ஆபத்து கூடியது, ஆபத்து கூடக்கூட வேண்டுதலும் கூடியது. கார்த்திகைக்குள் தகரக் கொட்டகை, ஒலிபெருக்கி, பரிபாலன சபை எல்லாம் வந்துவிட்டன. சபைத் தலைவராக என்னை ஏகமனதாகத் தெரிவுசெய்தார்கள். மாலையை மறுப்பது அவமரியாதை, போட்டுக்கொண்டேன். விடுதிக்காரர் பாதையின் ஆபத்துத் தரத்தைச் சிவப்பிலிருந்து கறுப்புக்கு உயர்த்திப் புதுப் பலகை நட்டார். காளியப்பன் மட்டும் சிலைக்குப் பக்கத்தில் மண்வெட்டியோடு நின்று, "கையை எடுக்காம கும்பிடுங்க தம்பி, கையை எடுக்காம கும்பிடுங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். ஆகம விரோதமாகக் கதைக்கிறார் என்று சபை அவரை அங்கிருந்து விலக்கியது. தீர்மானத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

இனி, ஏன் இதை இப்போது சொல்கிறேன் என்று கேட்பீர்கள். மனச்சாட்சி என்று எழுதினால் உங்களுக்கும் லேசு, எனக்கும் மரியாதை. ஆனால் சத்தியம் செய்துவிட்டேன்.

கஜீவன் போன மறுகிழமை நான் சீமெந்துக் கட்டுக்குப் போனேன். அவன் இருந்த இடம் காலியாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, களைத்த மலையைத் தொடங்கினேன். ரீச்சர் கடலைப் பார்த்தபடி, "அந்தப் பிள்ளை கடைசியாக என்னத்தைக் கண்டுதோ" என்றார். ஷரீப் நானா, அவன் விழவே இல்லை, பறந்துதான் போனான் என்று பேசிக்கொள்கிறார்களாம் என்றார். ரீச்சர் கன்னத்தில் கையை வைத்தார்.

"பிறகு?"

அன்றைக்குத்தான் என் கணக்கில் பிழை பிடிபட்டது. உயிரோடு இருந்த கஜீவனிடம் கீழே வந்து சேருகிற கதைகள்தான் இருந்தன. நான் அவனுக்கு வந்து சேராத கதை ஒன்றைக் கொடுத்துவிட்டேன். இப்போது வெள்ளவத்தை முழுக்க அந்தக் கதையைச் சொல்கிறது. சந்தையில் சொல்கிறார்கள், சலூனில் சொல்கிறார்கள். சாமி காட்டிய இடம் என்கிறார்கள், விதி என்கிறார்கள். பதினொரு காலை கடிகாரம் பிடித்தவன், நாவலப்பிட்டிவரை நின்றவன், இருபது மீற்றரை நாடாவால் இரண்டு தரம் அளந்தவன் பெயரை ஒருவரும் சொல்வதில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கஜீவனையும், அவனுக்குப் பின்னால் ஆறு பேரையும் கொன்றது விதியும் இல்லை, வளைவும் இல்லை, பிள்ளையாரும் இல்லை. கனகசபாபதி, இரண்டாம் மாடி, இடப்பக்கக் கதவு. மணி அடித்தால் திறப்பேன்.

பல்லில்லாமல் நான் சொல்லச் சொல்ல, இதைத் தன் கொம்பியூட்டரில் ரைப் பண்ணித் தந்தவன் அதே மூன்றாம் மாடிக் கஜீவன்தான். நாலு இடத்தில் கையை நிறுத்திவிட்டு, "பிறகு, அங்கிள்?" என்று கேட்டான்.