இணையாத தண்டவாளமும் செலீனின் குழுவும்

கொட்டாஞ்சேனைக் கடற்காற்றையும் கைகட்டி உட்கார வைத்திருக்கும் அவைத் தலைவர் அவர்களே! முன்வரிசையை நிறைத்த முதியோரே! பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பிவிட்டு யுத்தகாலப் பங்கீட்டுக் கூப்பன் அரிசியில் வீடு காக்கும் தாய்மாரே! யேசுரட்ணத்தின் பணிவான வணக்கம்.

கூட்டு வேலையில் மாணவன் மனம் நிறைவது எதனால்? இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. புள்ளியாலா? புகழாலா? பொன்னெழுத்துப் பரிசாலா? எல்லாம் கிடைத்தன எனக்கு, நிறைவு கிடைக்கவில்லை. கிடைத்தது பொறாமை, பெரியோரே, பொல்லாத பொறாமை! சிரியுங்கள், சிரியுங்கள். வயிறெரிவது எனக்கல்லவா!

தெமட்டகொடை முதல் களனி வரை நிலப்படம் வரையச் சொன்னார் பேராசிரியர். எங்கள் குழுவில் நால்வர். நான்கு வீட்டில், நான்கு மேசையில், நான்கு தாளில் வரைந்தோம். கடைசி நாளில் ஒட்டினோம். அழகென்றால் அப்படியோர் அழகு! ஆனால் தெமட்டகொடைத் தண்டவாளம் என் தாளில் முடிந்த இடம் வேறு, தில்லைநாதன் தாளில் தொடங்கிய இடம் வேறு. அந்த ரயில் இன்றும் அந்தரத்தில் நிற்கிறது! "உம்மட பிழை" என்றார் தில்லைநாதன். "இல்லை, உம்மட பிழை" என்றேன் நான். அன்றோடு கதை பேச்சு இல்லை.

எங்கள் வகுப்புச் செலீனின் குழுவிலும் அதே கோளாறு. அவர்கள் தாள்களில் கொலன்னாவை வாய்க்கால் இணையவில்லை. "வாங்கோ, போய்ப் பாப்பம்" என்று செலீன் எழும்ப, அவரது குழுவின் ஸாலிஹும் ஐறீனும் அளவுநாடாவோடு கொட்டும் மழையில் கூடவே போனார்கள். சேற்றில் நின்று அளந்தார்கள்; சேர்ந்து சண்டை பிடித்தார்கள்; சேர்ந்து அழித்து, சேர்ந்தே வரைந்தார்கள். பிந்திக் கொடுத்ததால் புள்ளி வெட்டுப்பட்டது. நேரத்துக்குக் கொடுத்த எங்களுக்குப் பரிசு வந்தது. அன்று மாலை ஸாலிஹ் வீட்டில் அவர்களுக்குத் தித்திக்கும் வட்டிலப்ப விருந்து. பரிசு வாங்கிய நான் வெள்ளவத்தை பஸ்ஸில் தனியே போனேன்.

அவர்கள் சிரிப்பைக் கண்டு பொறாமைப்படுகிறேன்! அவர்கள் சண்டையைக் கண்டு பொறாமைப்படுகிறேன்! அவர்களின் சேறு அப்பிய செருப்பைக் கண்டும் பொறாமைப்படுகிறேன்!

அடுத்த ஆய்வுக்கு நாளைக்குக் குழு பிரிக்கிறார்கள். செலீன், இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன்: உங்கள் குழுவில் எனக்கு இடம் உண்டா? என்ன? பலமாய்ச் சொல்லுங்கோ, சபைக்கும் கேட்கட்டும்!

"ஓம், இடமிருக்கு. ஆனா தில்லைநாதனையும் கூட்டிக்கொண்டு வாரும். முதல்ல ரெண்டு பேருமாய் அந்தத் தண்டவாளத்தைப் பொருத்துங்கோ!"

கேட்டீர்களா? தில்லைநாதன், பின்வரிசையில் ஒளியாமல் எழும்பும் ஐசே! வெளியே மழைதான். இருக்கட்டும், தெமட்டகொடை தூரமில்லை.

என் வயிற்றெரிச்சலைப் பொறுத்துக் கேட்ட சபைக்கு நன்றி. நாங்கள் இருவரும் போய் அளந்து வருகிறோம். வணக்கம்.