ஒரே பெட்டியில் ஏழு குடித்தனம்

— முடியாதுன்னா முடியாதுதான், இனாம்தார் சார். ஐசியூ மெஷினோட மெமரியில ஒரு துளி கூடக் குறைக்க மாட்டேன்.

— நாகவேணி, மேல ஹால்ல சேர்மன் விருந்தாளிங்களோட உக்காந்திருக்காரு. தார்வாட் பேடா தட்டு ரெண்டு சுத்து வந்தாச்சு. நம்ம புது ஆஸ்பத்திரிக் கட்டடத்தைத் திரையில காட்டலாம்னா, அதை ஓட்டுற மெஷின் சண்டி மாடு மாதிரி படுத்துக்கிச்சு. அதுக்கு மெமரி கூட்டிக் குடுத்தா உன் சொத்தா போகுது?

— சர்வர் ஒண்ணுதான். அதுக்குள்ள சாஃப்ட்வேர்லயே செஞ்ச ஏழு மெஷின் ஒண்டுக்குடித்தனம் நடத்துது. ஒரு வீட்டுக்கு இடம் கூட்டணும்னா இன்னொரு வீட்டுச் சுவத்தை இடிக்கணும். குறைக்கிற மெஷினை முதல்ல அணைக்கவும் வேணும். ஐசியூ மெஷினை அணைச்சா, நர்ஸுங்க பாக்குற திரையெல்லாம் இருண்டு போகும். அங்க உசுருக்குப் போராடுறாங்க, சார்.

— அஞ்சு நிமிஷம்தானேம்மா!

— உங்க வீட்டு ஆளு அங்க படுத்திருந்தா அப்படிச் சொல்வீங்களா?

— வாய் நீளுது உனக்கு. யாருகிட்ட பேசுறேன்னு தெரியுதா?

— நல்லாத் தெரியுது. ஆயுத பூஜைக்கு இந்தப் பெட்டிக்குக் குங்குமம் வச்சுக் கும்பிட்டவர்கிட்ட. உள்ள என்ன ஓடுதுன்னு ஒருநாளும் கேக்காதவர்கிட்ட.

— போதும்! இன்னையோட உனக்கு வேலை கிடையாது. எழுந்திரு, நானே பண்ணிக்கிறேன். மவுஸ் புடிக்க எனக்கும் தெரியும்.

— உக்காருங்க. ஆனா ஐசியூ பக்கம் கை போச்சு, திருகிடுவேன்.

— ரவுடி! இரு... பட்டியல் கடைசியில இதென்ன ஒரு மெஷின்? ஒரு வேலையும் செய்யாம தூங்குது. இதை அணைச்சு இதோட மெமரியை எடுத்துக்கலாம்னு சொல்ல உனக்குத் துப்பில்லையா?

— அதைத் தொடாதீங்க. அது எதுக்குன்னு கேட்டுட்டு...

— உன்னைக் கேக்கணுமா? இதோ, அணைச்சாச்சு. என்ன, வானம் இடிஞ்சு விழுந்துச்சா? ம்... இது பத்தாது போல. மீதி ஐசியூதான். சேர்மன் வாயாலயே உத்தரவு வாங்கிட்டு வரேன், அப்பப் பாக்கறேன் உன் முறுக்கை.

— தாராளமாப் போங்க.

— என்ன இது, கார்டு வச்சாலும் கதவு திறக்க மாட்டேங்குது? பச்சை விளக்கே எரியல!

— இந்த ரூமோட பூட்டை ஓட்டுறது நீங்க அணைச்ச மெஷின்தான். யாராவது கார்டு வைக்கிற வரைக்கும் அது சும்மாதான் இருக்கும்.

— ஐயோ, போன் அடிக்குது... சேர்மன்! சீக்கிரம் அதை ஏத்தி விடும்மா!

— ஏறும்போது பாஸ்வேர்டு கேக்கும். அது தெரிஞ்சவ ஒருத்திதான், அவளைத்தான் இப்ப வேலையை விட்டுத் தூக்கிட்டீங்களே. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, டப்பாவுல சோள ரொட்டி இருக்கு. நீங்க போனை எடுங்க, ஸ்பீக்கர்ல போடுங்க. ஐசியூவை யாரும் தொட மாட்டோம்னு உங்க வாயாலயே சேர்மன்கிட்ட சொல்லுங்க, கேப்போம்.