தண்ணீருக்குக் கழித்தது போக

நீங்கள் கொடுத்த பிளேன்டீ நன்றாகத்தான் இருந்தது, ஐயா. சீனி மட்டும் கொஞ்சம் கூட. நான் சீனியை விட்டு ஏழெட்டு மாதம் ஆகிறது. வீட்டில் ஒருத்தி வாயைக் கட்டிக்கொண்டு இருக்கும்போது இன்னொருவன் சப்புக்கொட்டிக் குடிப்பது நியாயமில்லை என்று விட்டேன். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் என்னைப் பற்றி உங்களிடம் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பார்கள். அதற்கு முன்னால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

என் பெயர் ஜீவராஜ். மேல் டிவிஷனில் கண்டாக்கு. டவுன்காரர்களுக்குக் கண்டாக்கு என்றால் பஸ்ஸில் டிக்கட் கிழிப்பவன் என்று நினைப்பு. தேயிலைத் தோட்டத்தில் அது வெளிக்கள வேலைக்குப் பொறுப்பான உத்தியோகம். காலையில் ஆட்கள் கூடும் பெரட்டில் அவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பேன், பிறகு மலைக்குப் போவேன், மடுவம் என்கிற கொட்டகையில் கொழுந்து நிறுப்பேன். மற்ற டிவிஷன்களுக்கு இலக்கத் தராசு வந்துவிட்டது. எங்கள் மடுவத்தில் இன்னும் பழைய முள் தராசுதான், உத்தரத்தில் தொங்குகிறது.

முள் காட்டுவதை அப்படியே கொடுத்துவிட முடியாது, ஐயா. கொழுந்து கட்டிய படங்குத் துணிக்கு ஒரு கழிவு உண்டு. மழை நாளென்றால் இலையில் ஒட்டிய தண்ணீருக்குத் தனியாகக் கழிக்க வேண்டும். பெண்கள் சும்மா விடுவார்களா? "ஐயா, இம்புட்டுத் தண்ணியா கழிப்பீங்க? நாங்க என்ன ஆத்துக்குள்ள நின்னா கொழுந்து எடுத்தோம்?" என்று வேலாயி கையை ஆட்டிக்கொண்டு வருவாள். இலையைக் கையில் அள்ளிப் பிழிந்து காட்டுவேன். சொட்டும். கழிப்பேன். இருபது வருடத்தில் என் நிறுவையில் பிழை என்று துரைமார் யாரும் சொன்னதில்லை.

என் பெண்சாதி சுதர்ஷினி, சுதா என்றுதான் கூப்பிடுவேன், கொட்டகலைப் பெண். கட்டிக்கொண்டு வந்தபோது கொடி மாதிரி இருந்தாள். எங்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. இரண்டாவதும் கலைந்த பிறகு அவள் ஊதத் தொடங்கினாள். நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரே வீட்டில் இருக்கிறவனுக்குக் கண் இருக்கிறதல்லவா. கழுத்தில் மடிப்பு விழும், மடிப்புக்குள் வியர்வை நிற்கும், அதில் பவுடர் குழைந்து வெள்ளைக் கோடாகக் காய்ந்திருக்கும். பேக்கரிப் பாணைப் பால் தேநீரில் தோய்த்து, சொட்டச் சொட்ட வாயில் திணித்து, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டே மெல்லுவாள். அந்தச் சத்தத்துக்கே நான் தட்டை எடுத்துக்கொண்டு முன்கூடத்துக்குப் போய்விடுவேன். ஒரு நாளும் முகத்தைச் சுளித்ததில்லை.

போன வருடம் கோயில் திருவிழாவில் அவள் நாற்காலியை விட்டு எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது. "கண்டாக்கையா வூட்டு அம்மாவ நாக்காலியே விட மாட்டேங்குதுடி," என்று ஒருத்தி சொல்ல, கொழுந்துக்காரிகள் வரிசையாக நின்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாளைக்குப் பெரட்டில் அவர்களுக்கு முன்னால் நிற்க வேண்டியவன் வேறென்ன செய்வது. வீட்டுக்கு வந்து அவள் அழுதாள். "என்னால தனியா முடியாதுங்க. நீங்க கூட நின்னு பாருங்க," என்று அவளாகத்தான் கேட்டாள். இதை மட்டும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள், ஐயா. அவளாகத்தான் கேட்டாள்.

ஹட்டனில் ஒரு தனியார் டாக்டரிடம் கூட்டிப் போனேன். சோற்றைக் குறை, சீனியை நிறுத்து, நட என்றார். வீட்டில் எடை பார்க்க எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மடுவம் காலியாகத்தான் கிடக்கும், சாவியும் என்னிடம்தான். படங்கின் நாலு மூலையையும் முடிச்சுப் போட்டுக் கொக்கியில் மாட்டினால் தொட்டில் போல ஆகிவிடும். அதில் அவளை உட்கார வைப்பேன். முதல் தடவை வெட்கப்பட்டாள். "கொழுந்து மாதிரி தொங்க விடுறீங்களே," என்று சிரிக்கவும் சிரித்தாள். எண்பத்திரண்டு கிலோ காட்டியது, படங்குக்குக் கழித்து. அறுபதுக்கு இறக்குவது என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம்.

ஆரம்பத்தில் முள் மளமளவென்று இறங்கியது. விடியக் காலையில் கோயில் மேடுவரை ஏறி இறங்குவாள். ஒரு நேரம் சோறு, மற்ற நேரம் கோவா, லீக்ஸ் என்று அவித்த மரக்கறிதான். ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்க வேண்டியதாயிற்று. பழையபடி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட எனக்கே மனம் வந்தது. அறுபத்தெட்டுக்கு வந்தது. அங்கே நின்றுவிட்டது. அடுத்த ஞாயிறும் அறுபத்தெட்டு, அதற்கடுத்த ஞாயிறும் அதேதான். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

டாக்டரைக் கேட்டேன். "உடம்பு ஒரு அளவுக்கு இறங்கின பிறகு நிக்கத்தான் செய்யும். உள்ள வர்றது குறைஞ்சுபோச்சுன்னு அது தன் செலவச் சுருக்கிக்கும். எல்லாருக்கும் வர்றதுதான். பயந்துபோய் இன்னும் குறைச்சிடாதீங்க. முட்டை, பருப்பு சேர்த்துக் குடுங்க, நல்லா தூங்கட்டும், அடுத்த மாசம் கூட்டிட்டு வாங்க," என்றார். படித்த மனிதர், மறுத்துப் பேசவில்லை. ஆனால் எனக்கு வேறு ஒரு படிப்பு உண்டு. மலையில் நிறுத்த கொழுந்துக்கும் பெக்டரியில் இறக்கிய கொழுந்துக்கும் எடை ஒத்துப்போகவில்லை என்றால், இலை தன் செலவைச் சுருக்கிக்கொண்டது என்று யாரும் சொல்வதில்லை. வழியில் கள்ளன் இருக்கிறான் என்றுதான் அர்த்தம். அடுத்த மாதம் நான் அவளைக் கூட்டிப் போகவில்லை.

கள்ளனைத் தேடினேன். சாமான் அறைக்குப் பூட்டுப் போட்டேன். வேலை முடிந்து வந்ததும் அவள் வாயை முகர்ந்து பார்ப்பேன். விரல்களையும் முகர்வேன். ஒரு நாள் விறகுக் கட்டுக்குப் பின்னால் பாதி ரொட்டி கிடைத்தது. வேலாயி கொடுத்தது. அதில் எறும்பு மொய்த்திருந்தது. கடித்த இடத்திலும் எறும்பு. எறும்போடேதான் தின்றிருக்கிறாள், ஐயா. ஒரு உத்தியோகத்தன் வீட்டுப் பெண், கட்டெறும்போடு ரொட்டியை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வாயில் நீர் சுரக்கிறது, வாந்தி வருகிறவனுக்குச் சுரக்குமே அந்த நீர்.

நான் கை நீட்டுகிறவன் இல்லை. லயத்தில் போய்க் கேட்டுப் பாருங்கள். பின்பக்கத்துச் சாக்கடைக் கானுக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்து, உப்புத் தண்ணீர் குடிக்கக் கொடுத்தேன். வந்ததைக் குச்சியால் கிளறிப் பார்த்தேன். மூன்று வாய் ரொட்டி, கொஞ்சம் சம்பல், எறும்புகள். அவள் சேலையெல்லாம் வழிந்திருந்தது, மூக்காலும் வந்தது. "இனிமே திங்க மாட்டேங்க, சாமி சத்தியமா," என்றாள். அருவருப்பைப் பொறுத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றிக் கழுவியது நான்தான். வேறொருவனாக இருந்தால் அப்படியே விட்டுவிட்டுப் போயிருப்பான்.

அதன் பிறகு நான் மலைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போனேன். வேலாயியை வாசல் பக்கம் வரக் கூடாது என்றேன். சோற்றை அடியோடு நிறுத்தி, கோவா அவித்த தண்ணீர் மட்டும் வைத்தேன். கொஞ்சம் உப்புப் போடுவேன், நான் கல்நெஞ்சன் இல்லை. இனி கள்ளனுக்கு வழியே இல்லை. ஆனாலும் அறுபத்தெட்டு. ஒரு ஞாயிறு எழுபதைக்கூடத் தொட்டது. என்னை அவள் எப்படியோ ஏமாற்றுகிறாள் என்ற நினைப்பு, ஐயா, அதுதான் என்னைத் தின்றது.

அவள் கால்கள் பருக்கத் தொடங்கின. முகம் ஊதிக் கண் இடுங்கிப் போனது. வயிறு முன்னுக்குத் தள்ளியது. கைகள் மட்டும் எப்படியோ குச்சியாகிவிட்டன. தலைமுடி சீப்போடு கொத்தாக வந்து, குளியலறைக் கானை அடைத்துக்கொண்டது. அதையும் நான்தான் விரலால் இழுத்து எடுத்தேன். வேலாயி ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். மடுவத்தில் எல்லார் முன்னாலும் என்னை மறித்தாள்.

"ஐயா, அம்மாவுக்குக் காலு பொதபொதன்னு கெடக்கு. அமுக்குனா குழி விழுகுது. அது சதை இல்லைங்க, ஐயா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் கொழுந்தில் அன்றைக்குத் தண்ணீர் அதிகம். கழித்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து நானும் அமுக்கிப் பார்த்தேன். பிசைந்த மாவில் விரல் வைத்தது போல இருந்தது. குழி நின்றது, நிறைய நேரம் மூடவில்லை. தோல் மினுங்கியது. பிறகு கெண்டைக்காலில் ஓரிடத்தில் வெடித்து நீர் கசிந்தது. பாய் நனைந்து, அறை முழுக்க ஒரு புளித்த வாடை. என்னால் அந்த அறையில் நிற்க முடியவில்லை, மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கோவாத் தண்ணீரை வைத்துவிட்டு வருவேன். ஆனால் உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. கொழுப்பு உருகி வெளியே வருகிறது என்று நினைத்தேன்.

கொட்டகலையிலிருந்து அவள் அக்கா சுலக்ஷனா ஓயாமல் எனக்குப் போன் எடுத்தாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். "மச்சான், ஞாயித்துக்கெழம நான் வந்து தங்கச்சிய கூட்டிட்டுப் போறேன். நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாது," என்றாள். அவள் வீட்டில் சட்டி நிறையச் சோறும் ஆட்டுக்கறியும் இருக்கும். எல்லாம் ஒரே கிழமையில் பாழாகிவிடும். ஆனால் நான் ஒரேயடியாக மறுக்கவில்லை. சுதாவிடம் ஒரு பேச்சுப் பேசினேன். ஞாயிறு காலையில் முள் அறுபத்தெட்டுக்குக் கீழே வரட்டும். ஒரு கோடு இறங்கினால் போதும், அக்காவோடு போகலாம். இல்லையென்றால் அக்கா தனியாகத்தான் திரும்ப வேண்டும். தலையை ஆட்டினாள். முந்திய நாள் முழுக்கக் கோவாத் தண்ணீரைக்கூடத் தொடவில்லை. அந்தப் பிடிவாதத்தைப் பார்த்து எனக்கு அவள்மேல் மதிப்பே வந்தது.

ஞாயிறு காலையில் மடுவத்துக்கு நடக்க அவளுக்குத் தெம்பில்லை. நான்தான் தாங்கிப் போனேன். தூக்கிப் படங்கில் உட்கார வைத்தேன். என் சட்டை முன்பக்கம் அவள் கால் நீரில் நனைந்து ஒட்டியது. கையை விட்டுவிட்டு முள்ளைப் பார்த்தேன். ஆடி ஆடி நின்றது. படங்குக்குக் கழித்தேன். அறுபத்தெட்டு.

அவளும் அண்ணாந்து பார்த்தாள். மெதுவாகச் சொன்னாள்.

"தண்ணிய கழிக்கலைங்களே."

எனக்கு விளங்கவில்லை.

"கொழுந்துக்குக் கழிப்பீங்கள்ல. எனக்கும் கழிங்க. காலப் பாருங்க, சொட்டுது. கழிச்சா எறங்கிரும். அக்கா வந்துரும்ங்க."

இதே பேச்சைத்தான் நான் இருபது வருடமாகக் கேட்கிறேன், கொஞ்சம் மாற்றி. தராசடியில் நிற்கிற ஒவ்வொருத்தியும் முள்ளோடு பேரம் பேசுவாள். பெண்சாதி என்பதற்காக ஒருத்திக்கு விட்டுக்கொடுத்தால், நாளைக்கு எந்த முகத்தோடு மற்றவர்களுக்குக் கழிப்பது? படங்கிலிருந்து இறங்கவும் அவளால் முடியவில்லை. கொஞ்ச நேரம் இருந்து யோசி என்று சொல்லிவிட்டு, மடுவத்தைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பாணும் பருப்பும் சாப்பிட்டேன். இரண்டாம் தடவையும் பருப்பு போட்டுக்கொண்டேன். வெகு நாளைக்குப் பிறகு அந்த வாடை இல்லாமல் சாப்பிட்டது ருசியாக இருந்தது.

திரும்பிப் போகும்போது சுலக்ஷனா மடுவத்து வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வேலாயி. திறந்தேன். சுதா தலையைச் சாய்த்தபடி படங்கிலேயே இருந்தாள். கீழே சிமெந்துத் தரையில் நீர் தேங்கியிருந்தது. அக்காக்காரி தங்கையின் காலைக் கட்டிக்கொண்டு கத்தினாள். நான் பழக்க தோஷத்தில் முள்ளைத்தான் பார்த்தேன். உயிர் போனதற்கு அது ஒரு கோடுகூட அசையவில்லை.

நேற்று அவளை அறுத்துப் பார்த்த உங்கள் சட்ட வைத்திய அதிகாரி என்னிடம் கோபமாகத்தான் பேசினார். பரவாயில்லை. பட்டினியில் உடம்பு தன் சதையைத் தானே தின்று தீர்த்ததாம். அந்த இடத்தில் தண்ணீர் கோர்த்துக்கொண்டதாம், காலில், வயிற்றில், நெஞ்சுக்கூட்டில். அதனால்தான் முள் இறங்கவில்லையாம். "அந்த நீர எடுத்துப் பார்த்தா இந்தப் பொண்ணு நாப்பத்தஞ்சு கிலோகூட இல்ல, தெரியுமா?" என்று கேட்டார்.

ஆமாம், ஐயா, பூட்டியதும் நான்தான், பட்டினி போட்டதும் நான்தான், தொங்க விட்டுவிட்டுப் போனதும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவர் சொன்னதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. நாற்பத்தைந்து என்றால், நாங்கள் பேசிக்கொண்ட அறுபதை அவள் எப்போதோ தாண்டிவிட்டாள். என்னை ஏமாற்றவே இல்லை. எங்கள் முயற்சி வீண்போகவில்லை. அதை அவளிடம் சொல்ல முடியாமல் போய்விட்டதே என்பதுதான் எனக்கு வருத்தம். கேட்டிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள்.