எட்டாத பலகை

அலையாத்திச் சேற்றில் பூட்ஸ் போட்டு நடக்கக் கூடாது சார். இரண்டு பலகை போதும். ஒன்றில் நின்றுகொண்டு மற்றதை எடுத்து முன்னால் போட வேண்டும். ராஸ் அல் கைமா உப்பங்கழிக்கு வந்த முதல் நாளே முத்துராமனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.

ஏதோ பண்ணையிலிருந்து தப்பி வந்த ஒரு ஜோடி நீர்நாய் இங்கே மூன்று குட்டி போட்டிருந்தது. காலடித் தடத்தையும் எச்சத்தையும் பார்த்து எண்ணுவது என் டூட்டி. மூன்று வருடமாக நான் லீவுக்குக்கூட ஊருக்குப் போகவில்லை. என் மகள் நஜீஹா பிறந்த தேதியைக் கேட்டால் யோசிப்பேன். குட்டிகளை முதன்முதலாகப் பார்த்தது 2007 ஜனவரி ஒன்பது.

பிப்ரவரியில் ஆண் நீர்நாய் ஒரு மீன்கூட்டுக்குள் செத்துக் கிடந்தது. மீனுக்காக உள்ளே போய், வெளியே வர வழி தெரியாமல் மூச்சு முட்டியிருக்கிறது. கூடு போட்டவன் எங்கள் படகில் உதவிக்கு வரும் முத்துராமன். கேம்ப்பில் குழம்புக்கு மீன் வேண்டுமாம். இன்னும் ஏழு கூடு கிடப்பதாக ஒத்துக்கொண்டான். என் கண்ணில் படக் கூடாதென்று ஒன்றுக்கும் அடையாள மிதவை கட்டவில்லை.

மறுநாள் எல்லாவற்றையும் எடுக்க அவனைக் கூட்டிப்போனேன். தண்ணீர் வற்றியிருந்தது. முதல் கூட்டைத் தூக்கும்போது பலகையிலிருந்து சறுக்கி, இடுப்புவரை புதைந்துவிட்டான்.

“கௌஸ் பாய், அந்தப் பலகைய இப்படித் தள்ளுங்க. மிச்ச ஆறு கூட்டையும் நானே எடுத்துத் தந்துடறேன். எங்க கெடக்குன்னு எனக்கு மட்டுந்தான தெரியும்.”

மரியாதையாகத்தான் கேட்டான். நான் பலகையை எடுத்துப் படகில் வைத்துக்கொண்டேன். தண்ணீர் ஏற இரண்டு மணி நேரம் இருந்தது. அவனை நான் தொடவே இல்லை. சீதாலட்சுமி என்று மனைவியின் பெயரைச் சொல்லி அழுதான். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. குட்டிகள் மிரளுமே என்று எஞ்சின் போடாமல் துடுப்பால் படகைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

எட்டாம் நாள், தண்ணீர் வெகுவாக வற்றியபோது தெரிந்த ஒரு கூட்டில் தாயும் இரண்டு குட்டிகளும் கிடந்தன. மறுநாள் இன்னொன்றில் கடைசிக் குட்டி. மற்ற நான்கு கூடும் எங்கே கிடக்கின்றன என்று இன்றுவரை தெரியவில்லை.

சர்வே படிவம் உங்கள் மேஜையில்தான் இருக்கிறது, பாருங்கள். மொத்தச் சாவு ஐந்து. காரணம் என்ற இடத்தில் முத்துராமன் பெயரைத் தெளிவாக எழுதியிருக்கிறேன்.